குட்டி கோபிக்குப் பெயர் கண்டுபிடிக்க ஒரு போட்டோ டேங்க்: வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 4 செ.மீ.க்குள் அடங்கும் கோபி (உளுவை) மீன்களை வளர்ப்பவர், அவை என்ன வகை என்று தெரியாவிட்டால் மனசு ஆறாதவர் என்றால் இந்த ஒடுக்கமான அக்ரிலிக் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் குறைந்ததற்குக் காரணம் கூடவே வரும் வெள்ளை அட்டையும் மூடியும்தான், அந்தக் கதை கீழே வருகிறது. இன்னொன்று, பெட்டி மீனின் பெயரைச் சொல்லாது. பெயரைத் தேட உடம்பில் எந்தெந்த இடத்தைப் பார்க்க வேண்டுமோ அந்த இடங்களை நிதானமாகப் பார்க்க விடும், அவ்வளவுதான். ஆனால் இந்த மீன்களைப் பொறுத்தவரை அதுவே பெரிய உதவி.

சாமான் என்னவென்றால், 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரம், உள்ளே 3 செ.மீ. அகலம் மட்டும் உள்ள தெளிவான அக்ரிலிக் பெட்டி. உள்ளே நகர்த்துகிற மாதிரி ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அதை முன்னால் தள்ளினால் மீன் நீந்தும் இடம் இன்னும் குறுகும். பின்சுவரில் மில்லிமீட்டர் அளவுகோல் அச்சடித்திருக்கிறது. பின்னால் சொருக ஒரு வெள்ளை அட்டை, மேலே ஒரு மூடி, போனில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப் லென்ஸ். எல்லாம் சேர்த்து 20 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிட்டது. கம்பெனிப் பெயர் எதுவும் பெட்டியில் இல்லை, இதே சாமான் இணையக் கடைகளில் பல பெயர்களில் கிடைக்கிறது, அதனால் நான் சொல்லும் அளவைப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பார்த்து வாங்க முடியாது.

இது ஏன் தேவைப்படுகிறது என்று கேட்டால், சிங்கப்பூரில் எந்த மீன் கடைக்குள் நுழைந்தாலும் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட ஒரு குட்டி மீன் இருக்கும், பம்பிள்பீ கோபி என்று எழுதியிருப்பார்கள், கொஞ்சம் அக்கறையுள்ள கடை என்றால் கீழே பிராக்கிகோபியஸ் சாந்தோசோனஸ் என்று அறிவியல் பெயரும் போட்டிருப்பார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் தப்பு. சாந்தோசோனஸ் என்பது 1849இல் பிளீக்கர் விவரித்த மீன். படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சுப் படை மருத்துவராக இருந்தபடியே இந்தோனேசிய மீன்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து எழுதிய அதே பிளீக்கர்தான். அந்த மீன் வியாபாரத்துக்கு வருவது அபூர்வம், சில ஆய்வாளர்கள் அதைப் பிராக்கிகோபியஸ் பேரினத்திலிருந்தே எடுத்துத் தனியாக வைக்கிறார்கள். கடையில் நீந்துவது பெரும்பாலும் பிராக்கிகோபியஸ் டோரியே என்ற வகை, அல்லது அதற்கு நெருங்கிய வேறொன்று. டோரியேவை 1868இல் சரவாக்கிலிருந்து குந்தர் விவரித்தார், அந்தப் பகுதிக்குச் சேகரிப்புப் பயணம் போன ஜெனோவாக்காரர் ஜாக்கோமோ டோரியாவின் பெயரை அதற்கு வைத்தார். இவை போக வங்காளப் பக்கத்திலிருந்து ஹாமில்டன் 1822இல் எழுதிய நூனஸ், ஜொகூரிலிருந்து ஹெர்ரே 1937இல் எழுதிய சாந்தோமெலாஸ், இன்றைய சபாவிலிருந்து இங்கர் 1958இல் எழுதிய சபானஸ், கபிலியென்சிஸ், அப்புறம் மெகோங் ஆற்றுப் படுகையில் 2 செ.மீ.கூடத் தாண்டாத மெகோங்கென்சிஸ், இதற்குப் பெயர் வந்ததே 2000இல்தான். எல்லாமே மஞ்சள் கறுப்பு. எல்லாமே ஒரே பெயரில் ஒரே தொட்டியில் வந்து சேரலாம்.

பெயரில் என்ன இருக்கிறது, அழகாக இருந்தால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். சாந்தோமெலாஸ் அமிலத்தன்மையுள்ள, உப்பே இல்லாத காட்டு நீரோடை மீன். டோரியே கழிமுகங்களிலும் அதை ஒட்டிய நன்னீரிலும் வாழ்வது, லேசான உவர்நீர் அதற்கு ஒத்துக்கொள்ளும். கடைக்காரர் சொன்னார் என்று எல்லாவற்றுக்கும் உப்புப் போட்டால் முதலாவது வதங்கிப் போகும், எல்லாவற்றையும் மென்மையான அமில நீரில் விட்டால் இரண்டாவது சோர்ந்து நோயில் விழும். அந்த மீன் நன்றாக இருப்பதும் இல்லாததும் நீங்கள் வைத்த பெயரில்தான் இருக்கிறது. எனக்கு இந்த மீன்களின் மேல் அளவில்லாத பிரியம், அதனால்தான் ஒரு பெட்டிக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, பெட்டிக்கு வருவோம். வீட்டுத் தொட்டியில் கோபியைப் படம் எடுத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது தரையில் உட்கார்ந்திருக்கும், துடுப்பை மடக்கி வைத்திருக்கும், நம் பக்கம் முகத்தை மட்டும் காட்டும் அல்லது கல்லுக்குப் பின்னால் போய்விடும். மேலிருந்து எடுத்த படத்தில் முதுகு தெரியும், முதுகை வைத்து எந்தக் கோபியையும் பிரிக்க முடியாது. இந்தப் பெட்டியில் அகலம் 3 செ.மீ.தான் என்பதால் மீனுக்குப் பக்கவாட்டில் நிற்பதுதான் சௌகரியம். தகட்டைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து வைத்தால் வேறு வழியில்லாமல் முழு நீளத்தையும் காட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், மூச்சு சீராகி, முதல் முதுகுத் துடுப்பை மெதுவாக விரிக்கும். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது வயிற்றுப் பக்கம். குட்டி கோபிகளில் ஒரு நல்ல குணம், பெட்டிக்குள் விட்ட உடனே பெரும்பாலும் முன்சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது அதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரே வட்டமாக ஆகியிருப்பது, அக்ரிலிக்கில் கவிழ்த்து வைத்த சின்னக் கிண்ணம் மாதிரி, அப்படியே தெரியும். லென்ஸில் பார்த்தால் வட்டத்துக்குள்ளே கதிர்கள் கிளை பிரிந்து ஓடுவதும், முன்பக்கத்தில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் மெல்லிய சவ்வும், மீன் பிடியை மாற்றும்போது அந்தச் சவ்வு ஒரு நொடி தளர்ந்து மறுபடி இழுபடுவதும்கூடத் தெரியும். இது தெரிந்துவிட்டால் கையில் இருப்பது கோபி, உளுவைக் குடும்பம்தான் என்று பாதிக் கேள்வி முடிந்தது. வட்டம் இல்லாமல் இரண்டு துடுப்பும் தனித்தனியாகத் தொங்கினால் அது கோபி போலவே உருவம் கொண்ட வேறு குடும்பம். கலப்புப் பையில் வரும் பூட்டிஸ் குட்டிகள் அப்படித்தான். இங்கே உணவகங்களில் சூன் ஹாக் என்று விற்கும் மீனை மார்பிள் கோபி என்கிறார்கள், அதற்கும் வயிற்றுத் துடுப்பு பிரிந்துதான் இருக்கும். பவளப்பாறைக் கோபிகளில் சிலவற்றுக்கும் பிரிந்திருக்கும் என்பதால் கடலில் இந்தச் சோதனையை அப்படியே நம்ப முடியாது, நம் நன்னீர் உவர்நீர்க் குட்டிகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

அதே கோணத்தில் இன்னொன்றும் கிடைக்கும். வட்டத்துக்குப் பின்னால், ஆசனவாயை ஒட்டி ஒரு சின்ன நீட்சி இருக்கும். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூராக இருக்கும், பெண்ணுக்குக் குட்டையாக மழுங்கியிருக்கும். இனம் கண்டுபிடிக்க இது உதவாது, ஆனால் ஆணா பெண்ணா என்று தெரியாமல் நிறத்தை ஒப்பிட்டால் ஒரே வகையின் ஆணையும் பெண்ணையும் இரண்டு வகை என்று பிரித்து வைத்துவிடுவோம். வழக்கமான தொட்டியில் இந்தப் பகுதியைப் பார்க்க முயற்சி பண்ணியிருக்கிறீர்களா? முடியாது. இந்த ஒரு காட்சிக்கே பெட்டியின் காசு தகும்.

அளவுகோலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விற்பனை விவரத்தில் அதைத்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கோடுகள் சரியாக அச்சாகியிருக்கின்றன, எஃகு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன், வித்தியாசம் இல்லை. பிரச்சினை அது இருக்கும் இடம். அளவுகோல் பின்சுவரில் இருக்கிறது, மீன் முன்சுவர் பக்கம் நிற்கிறது, போன் அதைவிட நெருக்கத்தில். கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால் படத்தில் மீனின் நீளம் உண்மையைவிடக் கூடுதலாக விழும். 2 செ.மீ. மீனில் ஓரிரு மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயம் இல்லை, முழு வளர்ச்சியடைந்த மெகோங்கென்சிஸா அல்லது வேறொன்றின் குட்டியா என்ற கேள்வியே அதில்தான் நிற்கிறது. இதற்கு வழி, தகட்டை முன்பக்கம் வைத்து மீனைப் பின்சுவர்ப் பக்கம் இருக்க விட்டு, போனைக் கொஞ்சம் தள்ளி வைத்து எடுப்பது. நீளத்துக்கு ஒரு படம், நுணுக்கத்துக்கு வேறு படம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். போன் சுவருக்கு நேராக இருக்கட்டும், சாய்த்துப் பிடித்தால் தண்ணீரும் அக்ரிலிக்கும் சேர்ந்து உருவத்தை இழுத்துவிடும்.

இப்போது அந்த வெள்ளை அட்டை. இதை யார் யோசித்தார்களோ, கோபி வளர்த்தவர்களாக இருக்க முடியாது. இந்த மீன்கள் பின்னணிக்கு ஏற்பத் தோலின் கறுப்பு நிறமிகளைச் சுருக்கும், விரிக்கும். வெள்ளை அட்டைக்கு முன்னால் விட்டால் கறுப்புப் பட்டை சாம்பலாகி, ஓரங்கள் கரைந்து, மஞ்சளும் வெளுத்து, நீங்கள் கடையில் பார்த்த மீனா இது என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிடும். பிடித்த பயம் வேறு சேர்ந்துகொள்ளும். பட்டை எங்கே தொடங்குகிறது, வயிறு வரை இறங்குகிறதா, துடுப்புக்குள் எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதெல்லாம் முக்கியமான விஷயங்கள், அவற்றை இந்த அட்டை அழித்துவிடுகிறது. நான் அதை எடுத்துவிட்டு நடுத்தரச் சாம்பல் நிற அட்டை ஒன்றை அளவு பார்த்து வெட்டிச் சொருகினேன், கூடவே அடியிலும் ஒரு துண்டு. பட்டைகள் திரும்பி வந்தன. வெள்ளை அட்டையோடு எடுத்த படத்தை வைத்து யாரிடமும் வகை கேட்காதீர்கள், சொல்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் படத்தில் இல்லாததை அவரால் பார்க்க முடியாது.

வெள்ளைக்குப் பதில் கறுப்பு அட்டை ஒன்றும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு ஒரு மீனுக்கு. கோபியாப்டெரஸ் என்று உடம்பெல்லாம் கண்ணாடியாக இருக்கும் குட்டி கோபிகள் உண்டு. 1935இல் ஹெர்ரே பெயர் வைத்த பர்ட்விஸ்லி என்ற வகை சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களிலேயே வாழ்கிறது. சாதாரணத் தொட்டியில் இரண்டு கண்களும் ஒரு வெள்ளிக் குமிழும் மிதந்து போகிற மாதிரிதான் அது தெரியும். கறுப்பு அட்டைக்கு முன்னால் பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்தால் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும், காற்றுப்பையும், சற்று முன் தின்ற இரை வயிற்றில் ஆரஞ்சாக இருப்பதும், முதல் முதுகுத் துடுப்பின் மெல்லிய முட்களும் எழும்பி வரும். என்னுடைய போனில் நான் எடுத்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த மீனின் படம்தான்.

கிளிப் லென்ஸ் பரவாயில்லை. ஓரங்களில் கலங்கும், நடுப்பகுதி கூர்மையாக விழும். ரொம்பக் கிட்டப் போனால்தான் குவியும், குவியும் ஆழமும் மில்லிமீட்டர் கணக்கில்தான். அகலமான பெட்டியில் இந்த லென்ஸ் உபயோகமே இல்லை, மீன் ஒரு விரல்கடை பின்னால் போனாலே மங்கிவிடும். ஒடுக்கமான பெட்டியும் இந்த லென்ஸும் சேர்ந்து வருவது அதனால்தான் பொருத்தம். உங்கள் போனிலேயே மேக்ரோ, அதாவது மிகக் கிட்டத்தில் படம் எடுக்கும் வசதி, இருந்தால் லென்ஸ் இல்லாத செட்டை இன்னும் மலிவாக வாங்கலாம். பிளாஷ் வேண்டாம், சுவரில் பட்டுத் திரும்பி அடிக்கும், மீனும் மிரளும். மேலிருந்து ஒரு மேசை விளக்கு, போனைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி, அது போதும்.

பட்டை போட்ட மீன்களைவிட இந்தப் பெட்டி உண்மையில் கைகொடுப்பது பழுப்பு நிறக் குட்டிகளுக்கு. இறால் வாங்கிய பையிலோ, கலப்பு உவர்நீர் மீன் என்று விற்கும் பையிலோ, பெயரே இல்லாமல் வரும் 3 செ.மீ. மண் நிற மீன்களை எல்லாரும் மட் கோபி என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அவற்றில் குறைந்தது மூன்று பேரினங்களைப் பக்கவாட்டுப் படத்திலேயே பிரித்துவிடலாம். மூக்கு உருண்டையாக மேலுதட்டைத் தாண்டி முன்னால் துருத்தி, வாய் சின்னதாக அதற்கு அடியில் இருந்தால், விலாவின் நடுவில் வரிசையாகக் கரும்புள்ளிகள் ஓடினால் சூடோகோபியஸ் பக்கம் போங்கள். முகம் அகலமாக, கன்னம் உப்பி, வாய் நேராக முன்னால் திறந்தால் முகிலோகோபியஸ். உடம்பு கொஞ்சம் உயரமாகப் பக்கவாட்டில் ஒடுங்கி, ஆண் மீனுக்குத் தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிற அளவுக்குப் பெரிதாக இருந்தால் ரெடிகோபியஸ். முதல் முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் ஒரு கரும்புள்ளி இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டாம், இந்தக் கூட்டத்தில் பலவற்றுக்கும் அது உண்டு. மூக்கையும் வாயையும் பாருங்கள். அதைப் பார்க்கத் துல்லியமான பக்கவாட்டுப் படம் வேண்டும், அதைத்தான் இந்தப் பெட்டி தருகிறது.

முதல் முதுகுத் துடுப்பில் எத்தனை முள் என்று எண்ண முடிகிறதா என்று சோதித்தேன். முடிகிறது, துடுப்பு விரிந்த ஒரு நொடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். இந்தக் குட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு 6 என்றுதான் வரும், அதனால் அந்த எண்ணிக்கையை வைத்துப் பெரிதாக எதையும் பிரிக்க முடியாது. இரண்டாவது துடுப்பின் கதிர்களும் ஆசனத் துடுப்பின் கதிர்களும் கொஞ்சம் அதிக விவரம் தரும், வீடியோவாக எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது சுலபம்.

எங்கே கைவிரிக்கிறது என்றும் சொல்ல வேண்டும். செதில்கள். கோபிகளுக்கு உடம்பில் பக்கக்கோடு (பல மீன்களுக்கு விலாவில் நீளமாக ஓடும் உணர்வுக் கோடு) கிடையாது, அதனால் செவுள் மேல்மூலையிலிருந்து வால் அடி வரை ஒரு வரிசையில் எத்தனை செதில் என்று எண்ணுவார்கள். சாந்தோசோனஸையும் டோரியேவையும் பிரிப்பதற்கு இது முக்கியம், முன்னதன் செதில்கள் பொடியானவை, எண்ணிக்கையில் அதிகம். உயிரோடு இருக்கும் 2.5 செ.மீ. மீனில், அதுவும் கறுப்புப் பட்டைக்குள், இந்த லென்ஸால் முழு வரிசையையும் எண்ண முடியவில்லை. மஞ்சள் பகுதியில் மட்டும் எண்ணிக் குத்துமதிப்பாகப் பொடியா பெரிதா என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதைவிட நுணுக்கமானது கன்னத்தில் வரிசை வரிசையாக இருக்கும் உணர்மொட்டுகளும் தலையில் இருக்கும் துளைகளும். கோபி ஆய்வாளர்கள் பேரினங்களைப் பிரிப்பதே பெரும்பாலும் அவற்றை வைத்துத்தான், அதற்குப் பதப்படுத்திய மீனும் நுண்ணோக்கியும் வேண்டும். இந்தக் குட்டிகளைப் பிரித்து எழுதுவதில் மீன் ஆய்வாளர் ஹெலன் லார்சன் பல பத்தாண்டுகளாக உழைத்திருக்கிறார், முகிலோகோபியஸை 2001இலும் ரெடிகோபியஸை 2010இலும் திருத்தி எழுதினார், சூடோகோபியஸ் திருத்தம் இன்னொருவரோடு சேர்ந்து 2021இல்தான் வந்தது, அதில் மட்டும் ஏழு புது வகைகள். இவ்வளவு அண்மைக்காலம் வரை பெயரே இல்லாமல் நம் கழிமுகங்களில் மீன்கள் இருந்திருக்கின்றன என்றால், 20 வெள்ளிப் பெட்டியால் ஒவ்வொரு மீனுக்கும் முழுப் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பேரினம் வரை உறுதியாக, அதற்குள் இரண்டு மூன்று சாத்தியங்கள் வரை நெருக்கமாக, அதுதான் இதன் எல்லை.

படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் போன் ஆப்களோடு சேர்த்துப் பார்த்தேன். ஆப்புக்குத் தொட்டியில் எடுத்த படத்தையும் கொடுத்தேன், இந்தப் பெட்டியில் எடுத்ததையும் கொடுத்தேன். மண் நிற மீன்களில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது, பெட்டிப் படத்துக்குப் பேரினம் சரியாக வந்தது. பட்டை மீன்களில் இரண்டுக்கும் ஒரே பதில்தான், மஞ்சள் கறுப்பைப் பார்த்தவுடன் அதற்கு மிகவும் பழகிய பெயர் எதுவோ அதைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பதிலை நம்பித் தண்ணீரில் உப்பைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மீன் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடையில் கேளுங்கள், தெரிந்தால் சொல்வார்கள். சிங்கப்பூர் வழியாக உலகம் முழுக்க அலங்கார மீன் போகிறது, ஜொகூர் மீனும் சுமத்ரா மீனும் போர்னியோ மீனும் மொத்த வியாபாரியின் தொட்டியில் கலந்துவிட்டால் அந்த விவரம் அங்கேயே தொலைந்துவிடும். அதனால் தெரிந்த அளவுக்காவது கேட்டு, படத்தோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் தெரிந்த படத்துக்கும் ஊர் தெரியாத படத்துக்கும் மதிப்பில் பெரிய வித்தியாசம் உண்டு.

மீனின் பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெட்டி கொள்ளும் தண்ணீர் கொஞ்சம்தான், மேசை விளக்கின் சூட்டில் சீக்கிரம் சூடாகிவிடும், காற்றும் குறையும். மீன் இருந்த தொட்டியின் தண்ணீரையே ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரமைன் இருக்கிறது, மீனுக்கு ஆகாது. பத்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துத் திருப்பி விடுங்கள், முடியவில்லை என்றால் இன்னொரு நாள். வலையால் பிடிக்க வேண்டாம், வலையில் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது துடுப்பு கிழியும், தெளிவான சின்னக் கப்பால் மொண்டு எடுங்கள். முட்டையைக் காக்கும் ஆணைத் தொடவே தொடாதீர்கள். குழாய்த் துண்டு, சிப்பி, சின்னப் பானை எதிலாவது மேல்பக்கம் ஒட்டிய முட்டைகளுக்குக் கீழே அது தலையை நீட்டிக்கொண்டு நின்றால் அந்த மீனுக்கு உங்கள் போட்டோ தேவையில்லை.

மூடியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. சும்மா மேலே வைக்கிற ஒரு தகடு அது, பிடிப்பே இல்லை. கோபிகள் குதிக்கும், அதிலும் உவர்நீர்க் கழிமுகத்து மீன்கள் சுவரில் ஒட்டி ஒட்டி ஏறி விளிம்புக்கு வந்துவிடும். மூடி நகர்ந்து ஒரு மூலை திறந்திருந்தால் போதும். நான் இரண்டு பக்கமும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுகிறேன். இந்த விலைக்கு ஒரு பள்ளமாவது வெட்டிக் கொடுத்திருக்கலாம். ஒட்டின இடங்கள் சுத்தமாக இருக்கின்றன, கசிவு இல்லை, மூலையில் மட்டும் ஒரு சின்னக் காற்றுக்குமிழ், படத்துக்குத் தொந்தரவில்லை.

இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுங்கை பூலோ மாதிரி இயற்கை வனப்பகுதிகளுக்கு இதை எடுத்துக்கொண்டு போய் மீன் மொண்டு பார்க்கலாம் என்று யோசிக்காதீர்கள், அனுமதியில்லாமல் அங்கே எந்த உயிரினத்தையும் பிடிப்பது குற்றம், படம் எடுத்துவிட்டுத் திருப்பி விட்டாலும் பிடித்தது பிடித்ததுதான். அலையாத்தி ஓரத்தில் நீர் வடியும்போது மரப்பாலத்தில் நின்றபடியே எவ்வளவோ கோபிகளைப் பார்க்கலாம், அதற்குக் கண் போதும். கடையில் வாங்கிய மீனை இரண்டு வகையாகப் பிரித்த பிறகு வேண்டாத வகையைக் கால்வாயில் விடுவதும் கூடாது. கடையில் திருப்பி வாங்கிக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

துடைக்கும்போது ஸ்பிரிட், சானிட்டைசர் பக்கம் போகவே வேண்டாம், அக்ரிலிக்கில் முடி முடியாக விரிசல் விடும். தண்ணீரில் அலசி மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்தால் கீறும், கீறல் விழுந்த முன்சுவர் லென்ஸில் பெரிதாகத் தெரியும். உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

எந்த அளவு வாங்குவது என்று கேட்டால், இதே செட்டில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒன்றும் விற்கிறார்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. உடம்பெல்லாம் கரும்புள்ளியாக இருக்கும் நைட் (Knight) கோபி, அதாவது ஸ்டிக்மாட்டோகோபியஸ் சதானுண்டியோ, அதைப் போலக் கையளவு வளரும் மீன்கள் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கலாம். பம்பிள்பீ, மட் கோபி, கண்ணாடிக் கோபி என்று குட்டிகள் மட்டும் என்றால் 3 செ.மீ.தான் சரி, கூடவே சாம்பல் அட்டை ஒன்று, கறுப்பு அட்டை ஒன்று, இரண்டு ரப்பர் பேண்ட்.